பேஜார் வெட்டிய வேலிகாத்தான்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் பேஜாரிடம் திட்டு வாங்காத உயிர் கிடையாது. மனுஷன், மாடு, நிற்காமல் போகிற பஸ், எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். எதைக் கேட்டாலும் "பேஜாருபா" என்று ஆரம்பிப்பார், அதுவே பெயராகிவிட்டது. தொழில், முள் வெட்டுவது. இதை எழுதும்போதுகூட எனக்கு அவர்மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர். ஷூ கம்பெனியே கதியென்று நான் கிடந்த பத்து வருஷத்தில், வேலிகாத்தான் முள் ஆள் உயரத்துக்கு மேலே மண்டிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் மெல்ல உள்ளே வந்து தக்காளி போட்டிருந்தார். "உன் எல்லை எதுன்னு காட்டுபா" என்று சிரித்தார். அளக்க மனு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சர்வேயர் வருவார். அதற்குள் நாலு மூலைக் கல்லும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பேஜாரைக் கூட்டி வந்தேன். காட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"ஷூ ஷோக்கா கீது. பத்து வருஷமா இன்னா புடுங்கினு இருந்த?"

"கம்பெனி வேலைண்ணா."

"இதான்யா புடுங்கற வேலை. இத்த உட்டுட்ட."

வெட்டுக்கு ஒரு திட்டு. ஒன்று முள்ளுக்கு, அடுத்தது எனக்கு. புதன்கிழமையாகியும் பாதி முடியவில்லை. அவரைக் கேட்காமல் ஜேசிபி வரவழைத்தேன். பேஜார் நேராக அதன் முன்னால் போய் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். காலை ஒன்பது மணிக்கு. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, நிதானமாகக் களியை உருட்டினார்.

"எழுந்திருண்ணா. இது என் நிலம்."

"கல்லக் காட்டு. உன் நிலம்னு ஒத்துக்கறேன்."

நான் போட்ட சத்தத்தில் என் தொண்டைதான் கட்டியது. ஜேசிபி திரும்பிப் போய்விட்டது. கோபத்தில் நானும் ஒரு கொடுவாளை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன். பிடிக்கத் தெரியவில்லை என்று அதற்கும் திட்டினார்.

வெள்ளிக்கிழமை மூன்று கல் வெளியே வந்திருந்தது. தக்காளிப் பக்கத்து நாலாவது மட்டும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் சர்வேயருக்கு இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "கல் இல்லன்னா தகராறுன்னு எழுதிட்டுப் போய்டுவேன்" என்றார் சர்வேயர். பேஜார் யாரையும் பார்க்காமல் ஒரு பெரிய முள்மரத்தின் அடித்தூரைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டிக்கொண்டே இருந்தார். அரைமணி கழித்து, இரண்டு வேருக்கு நடுவில், நட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது கல்.

"ஜேசிபி இந்தத் தூரப் புடுங்கியிருந்தா கல்லும் கூடவே வந்திருக்கும். அப்புறம் எத்தக் காட்டுவ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணா."

"நீ எங்க என்னக் கேட்ட? ஜேசிபிக்காரனக் கேட்ட."

சர்வேயர் அளந்து முடித்ததும், தக்காளியில் நாலு வரிசை என் பக்கம் வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "மழைக்கு மழை துளிர் உடும். வந்து புடுங்கு" என்று அதட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அங்கே வேர்க்கடலை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் போய் முள்ளை வேரோடு எடுத்துவிடுகிறேன், கிணற்றோரம் ஒரு புதரைத் தவிர. அவரைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டுமே.