மாப்பிள்ளை வண்டியில் நாலு மூட்டை கேரட்

கொடைக்கானல்,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஜெரால்டு அவர்களுக்கு, மாமனார் மரியஅந்தோணி எழுதிக்கொண்டது. மாதாவின் தயவில் நானும் உங்கள் அத்தை ஜோசப்பினும் சுகம். கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட மகள் ஷைலாவும் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் தங்கள் தாயாரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். தங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி மட்டும் இப்படி ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை. அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் இடையில் கேள்வி கேட்பீர்கள்.

ஈஸ்டருக்கு ஷைலாவோடு பழனி ரோட்டில் ஏறி வந்தபோது கடைசி வளைவில் என்ஜின் புகைவிட்டதும், வீடு வந்து சேர்ந்ததோடு அது படுத்துவிட்டதும், வண்டியை எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பியதும் தங்களுக்குத் தெரிந்ததே. பிறகு தாண்டிக்குடி ஜீப் மெக்கானிக் பொன்னுச்சாமியிடம் போனில் பேசி, என்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டி, பவரையும் கூட்டச் சொன்னீர்கள். ஜனவரியில் ரேஸ் டிராக்கில் ஆபீஸ் நண்பர்களை முந்திக் காட்டுவதாகச் சவால் விட்டிருப்பதையும் சொன்னீர்கள். நான் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்தபடி எழுதுவேன், எந்தப் பக்கமும் சாய்வதில்லை.

என்ஜினை இறக்க ஷெட் விட்டத்தில் சங்கிலி போட்டார்கள், என்ஜின் அசையவில்லை, விட்டம் கீழே வந்துவிட்டது. பிறகு மூன்று சவுக்குக் கம்புகளை நட்டு ஒரு வழியாகத் தூக்கினார்கள். பிஸ்டன்களைக் கழுவப் பாத்திரம் கேட்டார் பொன்னுச்சாமி, அத்தை பழைய சட்டியைத் தேடுவதற்குள் அவரே பிரியாணி அண்டாவை எடுத்து அதில் டீசலை ஊற்றிவிட்டார், அடுத்த ஞாயிறு சாப்பிட வந்த பங்குச்சாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கவில்லை. சிலிண்டரின் உள்வாயைக் கடைந்து பெரிதாக்க வத்தலக்குண்டு லேத்துக்கு அனுப்பினால் லேத்துக்காரர் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தார், அவர் திரும்புவதற்குள் என்ஜின் இருந்த குழியில் பூனை குட்டி போட்டுவிட்டது, குட்டிகள் கண் திறக்கிறவரை ஒரு ஆணியையும் தொடக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டாள். எல்லாம் முடிந்து பெரிய பிஸ்டன், புதிய கேம் ஷாஃப்ட், பெரிய கார்புரேட்டர் என்று மாட்டி, சைலன்சரை மட்டும் மாட்டாமல் பொன்னுச்சாமி வண்டியைக் கிளப்பிய நேரம், எங்கள் வீட்டில் தெருக்காரர்களின் அன்பிய ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெபமாலை பாதியில் நின்றது. தோட்டத்தில் மேய்ந்த காட்டெருமைகளில் ஒன்று வேலியைத் தாண்டி ஓடியது, இன்னொன்று வேலியோடு ஓடியது.

பவர் கூடியிருக்கிறதா என்று வேகமாக ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். பொன்னுச்சாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், மேலயிருந்து உருட்டிவிட்டா பூசணிக்காகூடத்தான் வெரசாப் போகும். அதுக்குப் பேரு பவருங்களா? லோடு வச்சு ஏத்திப் பாப்போம். அப்பத் தெரியும் இதோட வண்டவாளம்."

கூக்கால் கிராமத்தில் நாலு மூட்டை கேரட் ஏற்றினார்கள். இரண்டே பேர் உட்காரும் வண்டியல்லவா, ஒரு மூட்டை தங்கள் மனைவியின் இடத்தில் உட்கார்ந்தது, மூன்றைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. வழியில் சேற்றில் மாட்டியிருந்த ஒரு ஜீப்பையும் இழுத்துவிட்டது. ஜீப்காரர் நன்றி சொல்லிவிட்டு, "இது என்ன டிராக்டருங்க, புது மாடலா?" என்று கேட்டார்.

ஆனால் மாப்பிள்ளை, நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி போகவில்லை. மிதித்தால் அலறல்தான் கூடுகிறது. காரணம், பின் அச்சில் இருக்கும் கிரவுன் என்ற பல்சக்கரம். அதைக் கழற்றிவிட்டு ஜீப்பின் கிரவுனை மாட்டியிருக்கிறார் பொன்னுச்சாமி. என்ஜினில் இனி எவ்வளவு பலம் இருந்தாலும் அது இழுவைக்கே போய்விடும், வேகத்துக்கு மிஞ்சாது. "ஏம்ப்பா, ரேஸ் வண்டிக்கு ஜீப் கிரவுனா?" என்று கேட்டேன். "மலையில இழுக்கிறதுதான் சார் பவரு. எனக்கு வேற சோலி கெடக்குங்க" என்று சொல்லிப் போய்விட்டார். நண்பர்கள் முன்னால் தங்களுக்கு ஏற்படப்போகும் தலைகுனிவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதையாகிவிட்டது. தவறு முழுக்கப் பொன்னுச்சாமியுடையது. எங்கள் பேரில் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.

திருக்குடும்பத்தின் ஆசீர் தங்கள் வீட்டில் என்றும் தங்கியிருக்கட்டும். தாயாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
மரியஅந்தோணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "மாப்பிள்ளைக்குப் பயந்துக்கிட்டு அந்த மனுசன் தலையில பழியைப் போடுவீங்களா? நாளைக்கு அவரு தாண்டிக்குடியில எப்படிக் கடையைத் தெறப்பாரு? உள்ளதை எழுதுங்க" என்று பேனாவை மறுபடி கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே பொன்னுச்சாமியைக் குறை சொன்ன வரிகளை அடித்துவிட்டு வாசிக்கவும். அவர் தாங்கள் சொன்னதை அப்படியே செய்திருந்தார். முதல் தடவை ரோட்டில் எடுத்தபோது வண்டி பறந்தது. ஜீப் கிரவுனைப் போடச் சொன்னது நான். அவர் முடியாது என்றார், "நல்லா ஓடுற குதிரைக்கு நானே கால்கட்டுப் போடணுமா சார்?" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவேயில்லை. நான்தான் தாண்டிக்குடிக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தேன். கிரவுனைப் பற்றி அவர் பேசியதாக மேலே எழுதியிருப்பதும் அவர் பேசாதது.

ஈஸ்டரன்று ஷைலா தங்கள் வண்டியை விட்டு இறங்கியதும் காபி கொடுத்தேன். அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "ஒண்ணுமில்லப்பா, குளிரு" என்றாள். கொடைக்கானலில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு ஏப்ரல் மாதத்தில் என்ன குளிர்? எனக்குப் பயமாகிவிட்டது, மாப்பிள்ளை. இன்றுவரை அந்தப் பயம் போகவில்லை. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிற வழக்கம் நம் குடும்பங்களில் இல்லை. மெக்கானிக்கிடம் சொல்லலாம். சொன்னேன்.

பழைய கிரவுன் கிரீஸ் தடவிப் பத்திரமாக இருக்கிறது. தாங்கள் வந்தால் பொன்னுச்சாமி ஒரே பகலில் மாட்டித் தருவார், சந்தோஷமாகவே மாட்டுவார். ரேஸுக்குத் தாராளமாகப் போய் ஜெயித்து வாருங்கள். மலையை விட்டு மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டு இறங்குங்கள். ஷைலாவை நான் பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறேன்.