மெலிட்டோன் அவித்த காளான் விதை

அவித்த மக்காச்சோளத்தைத் தொட்டால் தோல் கையோடு கழன்று வந்தது. மெலிட்டோன் இன்னொரு மணியை நசுக்கிப் பார்த்தார். அதுவும் அப்படியே.

மனைவி எதெல்வினா எழுதிவைத்துப் போன சீட்டை மறுபடி படித்தார். 'காளான் விதைக்கு: மூட்டைச் சோளத்தை முக்கால் வேக்காடாக அவிக்கவும். சுண்ணாம்பு சேர்க்கவும். தோல் பிரியக் கூடாது. வடித்து, உலர்த்தி, ஜாடியில் அடைக்கவும்.'

எவ்வளவு சுண்ணாம்பு என்று எழுதவில்லை. சோளத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று, சோளமே சோறான ஹலாபா ஊரில் பிறந்தவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கிற தமால் கொழுக்கட்டை மாவுக்குப் போடுகிற கணக்கிலேயே அள்ளிப் போட்டு, அவித்து, விடியும்வரை ஊறவும் விட்டுவிட்டார். தோல் உரிந்த சோளத்தில் காளான் இழை பிடித்துப் படராது; விதைக்கு உதவாது. மாவுக்கோ தங்கமான பதம்.

தவக்காலம் நெருங்குகிறது. ஊரே கறியை விட்டுக் காளானுக்குத் தாவும் நாற்பது நாள். இப்போது விதை தயாராகாவிட்டால் எதெல்வினாவின் வருஷ வியாபாரம் போச்சு. கோவாதெபெக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"போன வருஷம் ஜாடியைத் திறந்து திறந்து பார்த்துப் பச்சைப் பூஞ்சாணம் பிடிக்க வச்சீங்க. இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா, கர்னல் குழம்புலதான்."

கர்னல் என்பது மெலிட்டோனின் சேவல். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் அவ்வளவு செல்லம் கொடுத்ததில்லை.

வேறு சோளம் வாங்கக் கடைவீதிக்கு ஓடினார். பொத்தான் கடை நடத்துகிறவர். பேரம் பேசாமல் பாவமன்னிப்புக்கூடக் கேட்கமாட்டார். இருபது கிலோ விலைக்கு நாற்பது கிலோ சோளத்தை அடித்துப் பேசி வாங்கி வந்தார். விற்றவன் ஏன் சிரித்தான் என்பது அடுப்பில் ஏற்றிய பிறகுதான் புரிந்தது. பழைய சரக்கு. மூன்று மணி நேரம் கொதித்தும் கூழாங்கல்லாகவே கிடந்தது.

'கொஞ்சம் இளகட்டும்' என்று ஒரே ஒரு பிடி சுண்ணாம்பு போட்டார். ஒரு பிடி போதவில்லை. இன்னொரு பிடி. கை பழக்கத்தை விடுமா? மறுநாள் காலையில் நாற்பது கிலோவும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றது.

அப்போதுதான் மதில்மேல் பக்கத்து வீட்டு நிக்கானோரின் தலை முளைத்தது.

"அண்ணே, சுண்ணாம்புச் சோளம் வேகுற வாசம் தெருமுனை வரைக்கும் தூக்குது. நாளன்னிக்கு மெழுகுவர்த்தித் திருநாளு. அப்போ... பொம்மை உங்ககிட்டதானா?"

மெலிட்டோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தெருவே கூடி வெட்டுகிற வளைய ரொட்டியில், உள்ளே ஒளித்துவைத்த குட்டிப் பிள்ளைப் பொம்மை யார் துண்டில் அகப்படுகிறதோ அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளில் எல்லோருக்கும் தமால் போட வேண்டும். இந்த வருஷம் யாருக்குமே அகப்படவில்லை. ரொட்டிக்காரர் பொம்மை வைக்காமல் ஏமாற்றிவிட்டார் என்று தெரு திட்டியது. எல்லோரையும்விட உரக்கத் திட்டியவர் மெலிட்டோன். பொம்மை அவர் கடைவாய்க்குள் ஒதுங்கி, அங்கிருந்து சட்டைப் பைக்குப் போன கதை அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும்.

இப்போது என்ன சொல்வது? விதை கெட்டுவிட்டது என்றால், நிக்கானோரின் சம்சாரம் மூலம் செய்தி அரை மணியில் கோவாதெபெக் போய்விடும். கொல்லையில் கர்னல் கூவியது.

"ஆமாம்ப்பா. பொம்மை என்கிட்டதான்."

விதை கெட்டதை மறைக்கப் போய் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"அடடா! தெரிஞ்சிருந்தா அந்த ரொட்டிக்காரரை அவ்வளவு திட்டியிருக்க மாட்டோமே. அவரையும் கூப்பிட்டுடலாம்ணே."

"கூப்பிடு."

"அவரு குடும்பம் பெருசுண்ணே."

"எல்லாரையும் கூப்பிடு. போ!"

முதல் தேதி மாவு மில்லில் வரிசை தேவாலயத்தைச் சுற்றி வளைந்து நின்றது. ஊறின சோளத்தை வண்டியில் தள்ளிக்கொண்டு கடைசியில் போய் நின்றவரை, மில்காரி கசில்டா கைதட்டி அழைத்தாள்.

"மெலிட்டோன் அண்ணே, முன்னால வாங்க! உங்களுக்குத்தான் ஒரு மிஷினைக் காலியா வச்சிருக்கேன்."

வரிசை முணுமுணுத்தது. பெரிய மனுஷன் என்றால் சும்மாவா என்று மெலிட்டோன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

மறுநாள் மாலை அவர் முற்றத்தில் எழுபது பேர் மடலைப் பிரித்து ஆவி பறக்கத் தமால் தின்றார்கள். "உங்க கை இவ்வளவு தாராளம்னு தெரியாமப் போச்சே!" என்று ரொட்டிக்காரர் கட்டித் தழுவினார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி நின்றது. எதெல்வினா இறங்கினாள். அவள் பின்னால் பெட்டி பெட்டியாக ஜாடிகள். உள்ளே தானியமெல்லாம் பஞ்சு பூத்தாற்போல் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"இது... என்னது?"

"காளான் விதைங்க. கோதுமையில போட்டது. மூணு வாரமா தங்கச்சி வீட்டு அலமாரியில இருந்துச்சு."

"அப்போ நான் அவிச்சது?"

எதெல்வினா ஒரு தமாலைப் பிரித்துக் கடித்தாள். "நல்ல பதம்" என்றாள்.

கசில்டா விரலைச் சப்பிக்கொண்டே வந்தாள். இடுப்புத் துணியிலிருந்து சின்னதாக ஏதோ ஒன்றை எடுத்து மெலிட்டோனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மறந்தே போயிட்டேண்ணே! 'முதல் தேதி என் வீட்டுக்காரரு ஊறின சோளத்தோட வருவாரு, மிஷினைக் காலியா வை, அப்படியே இந்தப் பொம்மையையும் குடுத்துடு, அவரு சட்டையைத் துவைக்கும்போது கிடைச்சுது'ன்னு அக்கா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போச்சு."