வெள்ளிக்கிழமைக் கத்தரிக்காய்

பதினாறு வயதில் பட்டினிகூடக் கிடந்துவிடலாம். தனியே இருந்து சாப்பிடுவதுதான் முடியாது. அதற்குப் பயந்து நான் சைவமான கதை இது.

ஊர்காவற்றுறையில் புதிய பள்ளிக்கூடம். வகுப்பில் தர்சினியின் கூட்டம்தான் கூட்டம். வேப்பமரத்தடியில் வட்டமாக இருந்து கறி மாற்றிச் சாப்பிடுவார்கள். நான் படிக்கட்டில், என் மீன்குழம்போடு. (அப்பாவுக்குக் கடற்றொழில். மீன் இல்லாததை எங்கள் வீட்டில் சாப்பாடு என்று சொல்வதில்லை.)

ஒரு நாள் தர்சினி கேட்டாள். "நீர் வெள்ளியிலயும் மச்சமோ?"

"சீச்சீ! வெள்ளியில நானும் சைவம்தான்." மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, நாக்கூசாமல் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கு எங்களோட வாரும்."

மீன் போடவே கூடாதென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். கத்தரிக்காய்க் கறி கட்டித் தந்தார்.

வட்டத்தில் இடம் கிடைத்தது. எல்லோர் கையும் என் பெட்டிக்குள்தான். "எப்பிடியடி இந்த ருசி?" என்று கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது பக்கத்தில் இருந்த ரஜனி கறியிலிருந்து எதையோ தூக்கிப் பிடித்தாள். மீசையும் கண்ணுமாக ஒரு கூனி இறால்!

(அம்மாவிடம் பிறகு சண்டை பிடித்தேன். "மீன்தானே வேண்டாமெண்டு சொன்னனீ? கூனி வாசத்துக்குப் போட்டனான்" என்றார். கரையில் கூனியும் கறிவேப்பிலையும் ஒரே சாதி.)

ஒருத்தியும் மெல்லவில்லை. விரத நாளில் அத்தனை பேர் வாயிலும் மச்சம் தீத்திவிட்டேன். இனிப் பரீட்சை முடியும்வரை படிக்கட்டுத்தான் என்று நினைத்து, மாதாவே என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது தர்சினி கூனியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் இன்னும் என் கறி.

"கத்தரிக்காய்க் காம்பு" என்றாள்.

"காம்புக்குக் கண் இருக்குதடி!" என்றாள் ரஜனி.

"உனக்குத்தான் கண் கூடிப்போச்சு. சாப்பிடு."

எல்லோரும் சாப்பிட்டார்கள். ரஜனிதான் பெட்டியை வழித்தாள்.

கை கழுவும்போது தர்சினி என் காதுக்குள், "அடுத்த வெள்ளியும் கொண்டு வா. காம்போட" என்றாள். அதுவரை என்னை 'நீர்' என்றவள்! குழாயடியிலேயே அழுகை வந்துவிட்டது. (மிளகாய்த்தூள் பட்டதென்று சமாளித்தேன்.)

இப்போதும் அவள் எங்கள் வீட்டுக்கு வெள்ளி பார்த்துத்தான் வருவாள். குசினி வாசலில் நின்று, "அன்ரி, இண்டைக்குச் சைவம்தானே?" என்பாள்.

"ஓம் பிள்ளை, சுத்த சைவம்" என்பார் அம்மா. "காம்பு மட்டும் ரெண்டு கை கூடப் போட்டிருக்கிறன்."