அரையிறுதித் துணி

ஆப்பிரிக்கக் கழகக் கோப்பையின் அரையிறுதிக்கு எங்கள் அதக்பமே மின்னல் அணி தகுதி பெற்றதை முன்னிட்டு, விளையாட்டு ஊக்குவிப்பு அலுவலகம் முதல் வேலையாகத் துணி அச்சடித்தது.

எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ, எல்லாரும் ஒரே துணியில் சட்டை தைக்க வேண்டும். தைத்தவன் சொந்தக்காரன். தைக்காதவன் வேடிக்கை பார்க்க வந்தவன். நானும் தைத்தேன். முப்பது வருஷமாக அணியின் பூட்ஸ் மூட்டையைச் சுமக்கிறேன், எனக்கில்லாத உரிமையா?

முதல் ஆட்டம் எங்கள் ஊரில். இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். மறு ஆட்டம் எதிரணியின் ஊரான பமாக்கோவில். சின்ன விமானம், முப்பது இருக்கை. பயணப் பட்டியலை ஒட்டினார்கள். படித்தேன். நேரே போய் அலுவலக இயக்குநர் அக்பெக்கோவின் கதவைத் தட்டினேன்.

"ஐயா, பட்டியல்ல ஆட்டக்காரன் ஒருத்தன்கூட இல்லியே?"

"துணி தைச்சவங்கதான் தூதுக்குழு. உங்க பசங்க தைச்சாங்களா?"

"அவங்களுக்கு ஜெர்சி இருக்கே."

"ஜெர்சி துணியாகுமா பெரியவரே?"

தூதுக்குழுவில் இருபத்திரண்டு பேர். தலைவர், துணைத் தலைவர், தலைவரின் உரையை வாசிப்பவர், வாசிக்கும்போது கைதட்டலைத் தொடங்கி வைப்பவர். பமாக்கோவில் இறங்கியதும் எங்களை வரவேற்க, எங்களோடேயே வருபவர் ஒருவர்.

"பந்தை யாரு உதைக்கிறது?" என்றேன்.

இயக்குநர் விதிப்புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஏழு பேர் இருந்தா ஆட்டம் நடத்தலாம்னு போட்டிருக்கு. எதுக்குப் பதினொண்ணு? ஊதாரித்தனம்!"

"அந்த ஏழுல ஒருத்தன் கோல்கீப்பர்."

"அவசியமா? நாமதான் ரெண்டு கோல் முன்னாடி இருக்கோமே."

அரைமணி நேரம் கத்தி, கோல்கீப்பரைச் சேர்த்தேன். மீதி ஓர் இருக்கை.

"நீங்களா, இல்ல இவனா? நீங்களே சொல்லிடுங்க," என்றார். என் பின்னால் தடுப்பாட்டக்காரன் டோசே நின்றிருந்தான்.

"பெரியப்பா, பூட்ஸ் மூட்டையை நானே தூக்கிக்கிறேன். என்னை அனுப்புங்க."

"உனக்குத்தான் துணி இல்லையேடா," என்றேன்.

பமாக்கோவில் ஏழு பேரும் பேய் மாதிரி ஆடினார்கள். எழுபதாவது நிமிஷம் வரை ஒரே கோல்தான் வாங்கினோம். இன்னும் இருபது நிமிஷம் தாங்கினால் இறுதிப்போட்டி. அப்போது நடுத்தடுப்பாட்டக்காரன் மெசானின் கணுக்கால் பிசகியது. தூக்கிக்கொண்டு போனார்கள்.

நடுவர் விரல் விட்டு எண்ணினார். ஆறு.

"வேற ஆள் இருக்கா?"

பார்வையாளர் மேடையில் இருபத்திரண்டு பேரும் புதுச் சட்டையில் எழுந்து நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டல்காரர் பழக்கதோஷத்தில் தட்டினார். கீழே பெஞ்சில் நான், பூட்ஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கொண்டுவந்த பதினெட்டு ஜோடியில் பதினோரு ஜோடிக்குக் கால் இல்லை.

விசில். ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. எதிரணிக்கு மூன்று, எங்களுக்குப் பூஜ்யம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டோசே இப்போது என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறான். போகட்டும்.

தோல்விக்கான காரணத்தைக் கண்டறிய, பன்னிரண்டு பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. நானும் உறுப்பினன். இன்னும் கூடவில்லை. துணி மட்டும் தேர்வாகிவிட்டது. நீலம்.

நேற்றுப் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.