என் பேர்ல எழுதிக்கோ

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இனிமேல் என் வாயால் யாருக்கும் "முடியாது" என்று சொல்லப் போவதில்லை. எனக்குப் பதிலாக கம்ப்யூட்டர் சொல்லட்டும்.

"யாருக்கும்" என்பது மரியாதைக்காகச் சொன்னது. உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான். என் மனைவியின் தம்பி.

நான் மெஷின்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். ஜெனரேட்டர், கான்கிரீட் கலக்கும் மெஷின், சுவரைத் துளைக்கும் டிரில்லர், புல் வெட்டும் மெஷின், ஏணி. வாடகைக்கு எடுப்பவர் வாடிக்கையாளர். எடுத்தது திரும்பி வராதபோது வாடிப்போகிறவன் நான். வீட்டில் எனக்குப் பவர் கிடையாது. கடையில் ஜெனரேட்டராவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

மைத்துனன் எடுத்த எதையும் சொன்ன நாளில் திருப்பித் தந்ததில்லை. டிரில்லரை எடுத்துப் போவான். அது சுவரைக் குடைவதைவிட, அவன் எனக்குக் கொடுக்கும் குடைச்சல்தான் அதிகம். ஆனால் அவன் கடை வாசலில் நின்று "அத்தா...ன்" என்று இழுத்தால் போதும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். என் வாயில் "முடியாது" வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்துவிடும்.

"அதுக்கென்ன மச்சான், எடுத்துட்டுப் போ!" என்பேன். மனைவி பக்கம் திரும்பி, "என் பேர்ல எழுதிக்கோம்மா!" என்று பெருந்தன்மையாகக் கையை வீசுவேன். அந்தக் கை வீச்சு எனக்கே பிடிக்கும். அவன் போன பிறகு தலையில் அடித்துக்கொள்வதும் அதே கைதான்.

மென்பொருள் விற்க வந்தவர் டை கட்டியிருந்தார்.

"இது சும்மா கணக்கு போடற சாஃப்ட்வேர் இல்ல சார். வாடிக்கையாளர் உறவு சாஃப்ட்வேர். உறவை வளர்க்கும்."

"உறவைக் குறைக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

அவர் டையைத் தளர்த்தி யோசித்தார். "திரும்பத் திரும்ப லேட்டா கொண்டு வர்றவங்களை அதுவே தடை பண்ணிடும் சார். சிவப்புக் கட்டம் வரும். அப்புறம் முதலாளியே நெனச்சாலும் குடுக்க முடியாது."

"முதலாளியே நெனச்சாலுமா?"

"முதலாளியே அழுதாலும்."

உடனே வாங்கிவிட்டேன்.

மனைவி சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவளோ, "நல்ல யோசனைங்க" என்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் யோசனை எதுவும் நல்லதாக இருந்ததில்லை.

நான் ஒற்றை விரலில் தட்டுகிறவன். ஒரு எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த எழுத்து மறந்துவிடும். அதனால் பழைய ரசீதுகளைப் பார்த்து விவரங்களை ஏற்றும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பாஸ்வேர்டையும் அவளே வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நாற்காலி போட்டு நான் மேற்பார்வை பார்த்தேன்.

"ஹலோ கான்ட்ராக்டர் பேரு என்னங்க?"

"ஹலோ கான்ட்ராக்டர்தான்."

"போன்ல ஹலோ ஹலோன்னு கத்தறாருன்னு நாம வெச்ச பேரு அது. அவங்க அம்மா வெச்ச பேரு?"

"அவர் ஹலோம்பார், நானும் ஹலோம்பேன். பேரைக் கேக்க எங்க நேரம்?"

"நம்ம கடையிலயே பெரிய வாடிக்கையாளர். பேர் தெரியாது உங்களுக்கு." அவளாகவே ஏதோ தட்டினாள். "அடுத்தது தம்பி. உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"குடைச்சல்" என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு "மச்சான்" என்றேன்.

"லேட்டா கொண்டு வந்தா தடைன்னு போட்டிருக்கே. சொந்தக்காரங்களா இருந்தா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! எழுந்தே நின்றுவிட்டேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. சொந்தமாவது பந்தமாவது!"

"யாரா இருந்தாலுமா?"

"ஏன், நானா இருந்தாலும்!" என்று மேசையில் ஓங்கி அடித்தேன். கை வலித்தது.

"சரிங்க" என்று ஒரு பட்டனைத் தட்டினாள். அந்தச் சத்தம் எனக்கு இனிமையாகக் கேட்டது.

சோதனை நாள் சீக்கிரமே வந்தது. ஹலோ கான்ட்ராக்டர் போன் செய்தார். "ஹலோ! பெரிய ஜெனரேட்டர் நாளைக்கு வேணும். ஹலோ! போன தடவை மாதிரி இல்லைன்னு சொன்னீங்கன்னா, அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவேன். ஹலோ!" நானும் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது.

பெரிய ஜெனரேட்டர் கடையில் ஒன்றே ஒன்றுதான். போன தடவை அது மைத்துனன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த முறையும் கைவிரித்தால் கான்ட்ராக்டரை மறந்துவிட வேண்டியதுதான். அவரை மறந்தால் கடையையும் மறக்கலாம். துடைத்து, டீசல் ஊற்றி, வாசலில் எடுத்து வைத்தேன்.

"அத்தா...ன்!"

திரும்பினேன். அவனேதான்.

"பெரிய ஜெனரேட்டர் நாளைக்கு வேணும் அத்தான்."

முன்பு என்றால் முதுகுத்தண்டு வளைந்திருக்கும். இப்போது சிரித்தேன். "நான் யாரு மச்சான் குடுக்கறதுக்கு? எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்தான். அக்காவைத் தட்டிப் பார்க்கச் சொல்லு."

அவள் தட்டினாள். சிவப்பைப் பார்க்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். திரையில் பச்சைப்பசேல் என்று ஒரு கட்டம் வந்தது. நம்பிக்கையான வாடிக்கையாளர். ஒருமுறைகூடத் தாமதம் இல்லை.

"என்னடி இது! டிரில்லர் எடுத்துட்டுப் போனானே?"

"அது உங்க பேர்ல இருக்கு."

"புல் வெட்டற மெஷின்?"

"உங்க பேர்ல."

"கான்கிரீட் மெஷினை உள்ள பாறையாக் காயவெச்சு கொண்டு வந்தானே?"

"என் பேர்ல எழுதிக்கோன்னு கையை வீசினது யாரு? எழுதிக்கிட்டேன். சேதமும் உங்க பேர்லதான்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அப்படின்னா இந்த ஜெனரேட்டரை நானே எடுத்துக்கறேன். என் பேர்ல எழுதிக்கோ!" என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை மனசார சொன்னது அப்போதுதான்.

தட்டினாள். கம்ப்யூட்டர் வீல் என்று கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. இவருக்கு எதையும் கொடுக்க வேண்டாம். கீழே உறவு என்ற இடத்தில் "மற்றவை" என்றிருந்தது.

"மற்றவையா? நானா?"

"புருஷன்னு ஒரு கட்டமே இல்லைங்க. இருந்ததுல அதுதான் பொருந்துச்சு."

"தடையை எடு!"

"முதலாளியே நெனச்சாலும் முடியாதாம்."

"நான்தான்டி முதலாளி!"

"தெரியுது. அதான் முடியல."

அழுகையே வந்துவிட்டது எனக்கு. "உன் தம்பி இதை எடுத்துட்டுப் போனா, ஹலோ கான்ட்ராக்டருக்கு நான் என்ன பதில் சொல்றது? கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!"

மைத்துனன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவருக்குத்தான் அத்தான் கேக்கறேன். நான் இப்ப அவர்கிட்டதான் சூப்பர்வைசரா இருக்கேன். நீங்க போன்ல வெறும் ஹலோ மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டீங்களாம். நேர்ல போய் வாங்கிட்டு வான்னு அனுப்பினார்."

"நீ வேலைக்குச் சேர்ந்தது எனக்கு ஏன் தெரியாது?"

"அவருக்கு ஒரு ஆள் வேணும்னார், நான்தான் இவனைச் சேர்த்துவிட்டேன்" என்றாள் மனைவி. "இனிமே எல்லா சைட்டுக்கும் நம்ம கடையிலதான் எடுப்பாங்க. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். நீங்க டை கட்டினவர்கிட்ட உறவை எப்படிக் குறைக்கறதுன்னு கேட்டுட்டு இருந்தீங்க."

நான் ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்தேன். அதிலிருந்தும் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அதை வண்டியில் ஏற்றினார்கள்.

"இந்தச் சிவப்பு என்னைக்குத்தான் போகும்?"

"உங்ககிட்ட ஒரு ஏணி பாக்கி இருக்கு. பல்பு மாத்தறேன்னு வீட்டுக்குக் கொண்டு வந்தீங்களே. பல்பும் மாத்தல, ஏணியும் திரும்பல. அதைக் கொண்டு வந்தா மஞ்சளாகுமாம்."

அன்று சாயங்காலம் கடைத்தெரு வழியாக ஏணியைத் தோளில் சுமந்து வந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம் குனிந்து வழி விட்டார்கள். அவ்வளவு மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. கடையில் மைத்துனன் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஏணியை இறக்கினேன். மனைவி தட்டினாள். சிவப்பு மஞ்சளானது. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் மனைவி. "கையோட வீட்டுக்குப் போய் அந்த பல்பை மாத்திடுங்க. வாசலே இருட்டா கெடக்கு."

"ஏணி இல்லாம எப்படி மாத்தறது?"

"மஞ்சள்னா இன்னும் குடுக்கக் கூடாதாம்."

நான் திரையைப் பார்த்தேன். ஏணியைப் பார்த்தேன். மைத்துனன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பெருந்தன்மையாகக் கையை வீசினான்.

"அதுக்கென்ன அத்தான், எடுத்துட்டுப் போங்க! அக்கா, என் பேர்ல எழுதிக்கோ."