மணப்பெண்ணுக்கு மூன்று நிமிடம்

"சனிக்கிழமை மதியம் ரெண்டரைக்கு அவசரக் கூட்டம் போடுங்க, லேலண்ட்" என்றார் மேயர் கார்லா ப்ராட். வியாழக்கிழமை காலை. உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே சொன்னார்.

லேலண்ட் ஹோவ்லாண்ட் பேனாவைக் கீழே வைத்தார். ஆல்டர் பே நகரசபையின் துணை எழுத்தர் அவர். பெயருக்குத்தான் துணை. எழுத்தர் நாற்காலி எட்டு மாதமாகக் காலி, சிக்கனமாம். ஆகவே கூட்டக் குறிப்பு எடுப்பவரும் இவர்தான், காபி போடுபவரும் இவர்தான்.

"மேடம், அதே ரெண்டரைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"தெரியுமே! எனக்கும் பத்திரிகை வந்துச்சு. பரிசுக்கு டோஸ்டர்கூட வாங்கியாச்சு."

"அப்ப காலையில வச்சுக்கலாமே?"

"ஆர்வில் ஸ்டோக் மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருக்கார். ரெண்டு மணிக்குத்தான் கரைக்கு வருவார். மூணரைக்கு மீன் ஏலத்துக்கு ஓடிடுவார். கவுன்சிலர் ஒன்பது பேர்ல நாலு பேர் வரவே மாட்டோம்னு முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அஞ்சு பேர் இருந்தாத்தான் கூட்டம், அஞ்சாவது ஆள் ஆர்வில்தான். நான் என்ன செய்ய?"

எல்லாம் ஒரு மனுவால் வந்த வினை. பேக்கரியில் வேலை செய்யும் ராஸ் க்வின் என்ற பெண்மணி ஊரெல்லாம் சுற்றி நாலாயிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேலை நேரத்தைப் பதினாலு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். திடீரென்று கூப்பிட்டால் தொழிலாளி வரமாட்டேன் என்று சொல்லலாம். இதுதான் அவள் கேட்ட சட்டம். அப்படி ஒரு மனு வந்தால் முப்பது நாளுக்குள் நகரசபை அதைச் சட்டமாக்க வேண்டும், இல்லையென்றால் நவம்பர் தேர்தலில் மக்கள் ஓட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று.

நகரசபை மூன்றாவதைச் செய்தது, அதாவது ஒன்றும் செய்யவில்லை. கையெழுத்தை எண்ணச் சொன்னார்கள். மறுபடி எண்ணச் சொன்னார்கள். ஆய்வுக்கு ஆள் தேடினார்கள். இருபத்தேழு நாள் ஓடிவிட்டது. முப்பதாவது நாள் சனிக்கிழமை.

"முடிவெடுக்கலன்னா அந்தப் பொம்பளை நம்மள கோர்ட்டுக்கு இழுத்துடுவா" என்றார் மேயர். "நீங்க இல்லாம கூட்டம் செல்லாது."

அன்று மாலை லேலண்ட் மகள் இங்ரிட்டுக்குப் போன் செய்தார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அப்பா, என் பட்டமளிப்புக்கு வந்தீங்களா?"

"அன்னிக்கு பட்ஜெட் கூட்டம்மா."

"நீச்சல் போட்டிக்கு?"

"சாக்கடை வரி..."

"சனிக்கிழமை நீங்க என் கையைப் பிடிச்சு மணமேடை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போகணும். நீங்க இல்லன்னா நான் யார் கையையும் பிடிக்கப் போறதில்ல. தனியா நடந்துக்கிறேன்." போனை வைத்துவிட்டாள்.

லேலண்டுக்குத் தூக்கம் போச்சு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மேயர் வீட்டுக்கே போய் நின்றார்.

"மேடம், நான் கல்யாண மண்டபத்துலதான் இருந்தாகணும்."

மேயர் யோசித்தார். முகம் பளிச்சென்று ஆனது. "அவ்வளவுதானே? கூட்டத்தையே அங்க கொண்டு வந்துடுவோம்! கல்யாணம் நடக்கிற நார்வேக்காரர் சங்க மண்டபத்துல பின்கட்டு ரூம் இருக்குல்ல? ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா பத்து நிமிஷம். முடிச்சுட்டு நீங்க கோட்டை உதறிட்டுப் போய் நில்லுங்க."

அட, இது நல்லாத்தானே இருக்கிறது என்று லேலண்டுக்கும் தோன்றியது. மனுஷன் களைத்துப் போயிருந்தார், பாவம். இருபத்திநாலு மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். தானே டைப் அடித்து, தானே நகரசபைக் கதவில் ஒட்டி, பத்திரிகைக்கும் ரேடியோவுக்கும் தானே அனுப்பினார். முப்பது வருஷப் பழக்கத்தில் கடைசி வரியையும் சேர்த்துவிட்டார்: 'பொதுமக்கள் அனைவரும் வருக.'

பொதுமக்கள் வந்தார்கள்.

இருநூற்றுப் பதினாலு பேர், சிவப்புச் சட்டையில். ராஸ் க்வின் முன்னால் நடந்தாள். பாதிப் பேர் நேராகப் பின்கட்டுக்கு வந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் பெண் வீட்டார் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். லேலண்டின் மனைவி மார்லீன் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"லேலண்ட்! யாருய்யா இவங்கல்லாம்? எண்பது பேருக்குச் செஞ்ச கறி உருண்டை காலி! உருளைக்கிழங்கு ரொட்டியும் போச்சு! மாப்பிள்ளையோட அத்தை நின்னுக்கிட்டிருக்காங்க!"

"பொதுமக்கள்" என்றார் லேலண்ட், ஈன சுரத்தில்.

"பொதுமக்களை நீ எதுக்குக் கூப்பிட்ட?"

"சட்டம்."

"உன் சட்டத்துல இடி விழ!"

ஆர்வில் ஸ்டோக் இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டு இருபத்தெட்டுக்கு வந்தார், ரப்பர் பூட்ஸோடு. கூடவே மீன் வாடையும் வந்து கேக் பக்கத்தில் நின்றது.

"சீக்கிரம் ஆகட்டும், ஐஸ் உருகுது" என்றார் ஆர்வில்.

லேலண்ட் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்கன் வாசிக்கத் தொடங்கினார்கள். அதில் கவனம் போய், மேயர் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

"ஓட்டு எடுத்துடலாமா?" என்றார் மேயர்.

"அதெப்படி?" ராஸ் எழுந்தாள். "பொதுமக்கள் பேசணும்ல? ஆளுக்கு மூணு நிமிஷம். முப்பத்தொரு பேர் பேர் குடுத்திருக்கோம்."

முப்பத்தொன்றை மூன்றால் பெருக்கினார் லேலண்ட். ஒரு முறைக்கு இரு முறை. அழுகை வந்தது.

"மேடம், நான் மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

"நீங்க எழுந்தா கூட்டம் கலைஞ்சது, லேலண்ட். உட்காருங்க."

உட்கார்ந்தார். டைமரை அழுத்தினார். எழுதினார்.

முதலில் பேசியவர் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். "என் மகன் முதல் தடவையா மேடையில பாடினான். அன்னிக்குக் காலையில போன் வந்துச்சு, ஷிஃப்டுக்கு வான்னு. போனேன்." இரண்டாவது ஒரு செவிலி உதவியாளர். "என் தங்கச்சி பிரசவத்துக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தேங்க. முதல் நாள் கூப்பிட்டாங்க." லேலண்ட் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிந்துகொண்டே வந்தார். நாலாவது ஆள் மகளின் பட்டமளிப்பைப் பற்றிச் சொன்னபோது பேனா நின்றது. ஆர்கனும் நின்றது. வாசிக்கிறவருக்கு இன்னொரு கல்யாணம் இருந்ததாம், கிளம்பிவிட்டார்.

"அடுத்தவர்" என்றார் மேயர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

கூட்டம் விலகியது. வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்ரிட் வந்து நின்றாள்.

"என் பேர் இங்ரிட் ஹோவ்லாண்ட். கோவ் தெருவுல குடியிருக்கேன். எனக்கு மூணு நிமிஷம் இருக்கு. அப்பா, டைமரை அழுத்துங்க."

லேலண்ட் அழுத்தினார். பழக்கதோஷம்.

"இந்த மனுவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அங்க உட்கார்ந்திருக்கிறவர் முப்பது வருஷமா நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வந்திருக்கார். நான் கூப்பிட்டு ஒரு தடவைகூட வந்ததில்ல. இன்னிக்கு ஒரு நாள் அவரை எனக்குக் குடுங்க. எனக்கு மூணு நிமிஷம்லாம் வேண்டாம். அவ்வளவுதான்."

ராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மீதிப் பேர்லாம் பேச வேண்டாம்ப்பா, பேரை வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றாள்.

"மக்கள் ஓட்டுக்கே அனுப்பித் தொலைங்க!" என்று மேசையைத் தட்டினார் ஆர்வில். ஐந்து கைகள் ஒன்றாக எழுந்தன. லேலண்ட் எண்ணிக்கையை எழுதவும் ஆர்வில் மீனை நோக்கி ஓடவும் சரியாக இருந்தது.

ஆர்கன் இல்லாமலேதான் நடந்தார்கள். இருநூற்றுப் பதினாலு பேரும் கைதட்டியே தாளம் போட்டுவிட்டார்கள். இங்ரிட் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். லேலண்ட் வெட்கமே இல்லாமல் அழுதார். அழட்டும், விடுங்கள்.

எல்லாம் முடிந்து கேக் வெட்டினார்கள். மேயர் தட்டோடு லேலண்டிடம் வந்தார்.

"நவம்பர்ல இது ஜெயிச்சுச்சுன்னா ஊர் நாசம்தான். பதினாலு நாள் முன்னாடி சொல்லணுமாம்! அப்படி ஒரு விதியை வச்சுக்கிட்டு எந்த ஆபீஸாவது ஒரு நாள் நடக்குமா? நீங்களே சொல்லுங்க. சரி, அது கிடக்கட்டும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலையில கொஞ்சம் வந்துடுங்க, கூட்டக் குறிப்பை டைப் பண்ணணும்."

"சரிங்க மேடம்" என்றார் லேலண்ட்.

நகரசபைக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் ஆர்டிஸ் அம்மாள் பக்கத்து மேசையில் இரண்டாவது துண்டு கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு சார் சரிங்கறீங்க? பதினாலு நாள் முன்னாடி சொல்லாட்டி வரமாட்டேன்னு சொல்ல நம்ம ஆபீஸ் ஆளுங்களுக்கு ஊழியர் ஒப்பந்தத்துலயே ஆறு வருஷமா உரிமை இருக்கே, நான் எத்தனை தடவை சொல்லிட்டு வீட்டுல இருந்திருக்கேன்! அந்த ஒப்பந்தத்துல படிக்காம கையெழுத்துப் போட்டது இந்த மேடம், படிக்காம டைப் அடிச்சது நீங்க!"