ஆவி பிடித்த கியர்

வண்டிச்சித்தர் தொட்டால் செத்த கார் எழுந்து ஓடும் என்று ஊரே சொன்னது. ஊரே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன, யோசிக்கிற வேலை மிச்சம்! வருஷக்கணக்கில் கொட்டகையில் கிடந்த ஆட்டோமேட்டிக் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவருடைய மைதானத்தில் வந்து குவிந்தார்கள். எல்லாக் காருக்கும் ஒரே நோய். எஞ்சின் உறுமும், கியரை டி-யில், அதாவது ஓட்டும் நிலையில், போட்டால் வண்டி நகராது.

"மெக்கானிக்கிட்ட காட்டலாமே?" என்று கேட்டால், "மெக்கானிக்குக்கு ஆவியைப் பத்தி என்ன தெரியும்?" என்று பாய்ந்தார்கள். நியாயம்தான். சித்தருக்குக் கியரைப் பற்றி என்ன தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு டீச்சர் வேண்டாவெறுப்பாக வரிசையில் நின்றாள். அம்மாவின் பிடிவாதம். ஆயுசு முழுக்க அடுத்தவர் வண்டியை ஓட்டிய அப்பா, கடைசியில் சொந்தமாக வாங்கிய கார் அது. அவர் போனபின் ஒன்றரை வருஷமாக யாரும் தொடவில்லை.

சித்தரின் மச்சான் தண்ணீர்ச் சொம்போடு அம்மாவிடம் வந்து உருகினான். "என்னக்கா, முகமே வாடிப்போச்சு? மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க."

அம்மா கொட்டினாள். கடைசி நாள் காலையில் சண்டை. 'அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழுங்க' என்று இவள் கத்தியிருக்கிறாள். மதியம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். கேட்டு முடித்த மச்சான் நேரே சித்தரின் கூடாரத்துக்குள் நுழைந்தான். அவருக்கும் தாகம் போலிருக்கிறது!

வைத்தியம் ஆரம்பமானது. முதலில் ஒரு துருப்பிடித்த டப்பா கார். எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்தார் சித்தர். ஆவி முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் அடங்கி உட்கார வேண்டுமாம். மணியடித்தார், முனகினார், பானெட்டின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார். கூட்டத்துக்குக் கால் கடுத்தபிறகு டி-யில் போட்டார். டப்பா நகர்ந்தது. ஒரே கைதட்டல்.

அடுத்தது பளபளவென்று ஒரு கார். இதற்கு மணியில்லை, முனகலில்லை. எஞ்சினைப் போட்டதும் டி. நகரவில்லை. உடனே அணைத்துவிட்டார். "இது பொல்லாத ஆவி. வண்டியை இங்கயே விட்டுடு. வீட்டுக்கு ஆகாது." சொந்தக்காரர் கும்பிட்டுவிட்டு நடந்தே போனார். டப்பாவிலிருந்து இறங்குகிற ஆவி, விலைபோகிற காரிலிருந்து மட்டும் இறங்குவதில்லை. ஆவிக்கும் ரசனை உண்டு. மச்சானுக்கோ பழைய கார் வியாபாரம் உண்டு.

அப்போது வரிசையில் ஒரு கூத்து. முன்னால் நின்ற தொந்திக்காரர் வெயில் தாங்காமல், தள்ளிவந்த காரை நியூட்ரலிலேயே விட்டு, ஏசி போட்டுக்கொண்டு குறட்டை விட்டிருந்தார். வரிசை நகர்ந்ததும் யாரோ கண்ணாடியைத் தட்ட, தூக்கக் கலக்கத்தில் டி-யில் போட்டார். கார் சரசரவென்று போய்ச் சித்தரின் உண்டியலைச் சாய்த்தது.

"அருள் வரிசைக்கே வந்திருச்சுடா!"

தூங்கினவருக்கா அருள்? டீச்சர் யோசித்தாள். மந்திரமில்லை, மணியில்லை. டப்பாவுக்கும் இவருக்கும் பொது எது? எஞ்சின் வெகுநேரம் ஓடியிருக்கிறது, நியூட்ரலில்.

அவர்கள் முறை வந்தது. சித்தர் எஞ்சினைப் போட்டார், உடனே டி. கார் உறுமியது, அசையவில்லை. அணைத்துவிட்டு இறங்கினார்.

"உன் புருஷன் உள்ளதான் உக்காந்திருக்கான். 'காரையே கட்டிக்கிட்டு அழு'ன்னு சொன்னியாமே? உன் வாயாலதான் செத்தேன்னு அழறான்."

அம்மா தரையில் சரிந்தாள். "அய்யோ, நானே கொன்னுட்டேனே!"

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "சாமி, நீங்க உத்தரவு தராம இது நகரவே நகராதா?"

"ஒரு சாண் நகர்ந்தா நான் சித்தனே இல்ல!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று காருக்குள் ஏறினாள். எஞ்சினைப் போட்டாள், நியூட்ரலில் வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, மந்திரம் சொல்லாம எப்படி?" என்றது கூட்டம்.

"சொல்லிட்டாப் போச்சு. ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு..."

"இறங்கு பொண்ணே! ரத்தம் கக்குவே!" சித்தர் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. அவள் பதினாறாம் வாய்ப்பாட்டை முடித்து, பதினேழு, பதினெட்டு என்று இருபதுவரை போனாள். பிறகு டி-யில் போட்டாள்.

கார் நகர்ந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அம்மாவின் அருகில் நின்றது.

"நான் மனசுக்குள்ள உத்தரவு குடுத்துட்டேன்..." என்றார் சித்தர்.

"மனசுக்குள்ள குடுத்துட்டு, வாயால 'ரத்தம் கக்குவே'ன்னீங்களா?" டீச்சர் கூட்டத்தைப் பார்த்தாள். "ரொம்ப நாள் சும்மா நின்னா கியருக்குள்ள இருக்கற எண்ணெய் அடியில இறங்கிடும். கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடினா பம்ப் அதை மேல ஏத்தும். எண்ணெய் ஏறினாத்தான் கியர் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் இவர் மணியடிச்சு ஓட்டறார். நல்ல கார்னா அந்த நேரத்தையே குடுக்கறதில்ல."

அம்மா எழுந்தாள். கண்ணீரைத் துடைக்கவில்லை. சொம்பும் கையுமாக நழுவப்பார்த்த மச்சானின் சட்டையைப் பிடித்தாள். "உன்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்? என் புருஷன் பேரைச் சொல்லி என்னையே கொலைகாரி ஆக்கிட்டீங்களேடா!"

காரை விட்டுவிட்டுப் போன மகராசர்களுக்குச் செய்தி பறந்தது. கும்பிட்ட கைகளெல்லாம் இப்போது சித்தரின் தாடியைத் தேடின.

அம்மாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு டீச்சர் கிளம்பும்போது ஒரு அம்மாள் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தாள்.

"தாயே, அந்தப் பதினாறு மந்திரத்தை எழுதிக் குடும்மா. எங்க காரும் நகரல."

டீச்சர் பிரேக்கை அழுத்தினாள்.

"கார் ஒன்றரை வருஷம் ஓடாம நின்னதுக்கே இந்தக் கதி. உங்க மூளையை எத்தனை வருஷமாம்மா நிறுத்தி வெச்சிருக்கீங்க?"